1941 இல் ஆர்.ஏ.எஃப் இல் சேர்ந்த அம்மாவின் தாய்மாமா: சேவைப் பதிவை எங்கே தேடுவது?

வெள்ளவத்தைப் பேத்தி:
அம்மாவின் தாய்மாமா ஒருவர் 1941 இல் கொழும்பிலிருந்து கப்பலேறிப் போய் ஆர்.ஏ.எஃப் என்ற பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தவர், வீட்டில் எல்லோருக்கும் அவர் ஏரோப்பிளேன் மாமா. கல்யாணம் செய்யவில்லை, 1979 இல் இங்கேயே காலமானார். 83 இல் வீடு எரிந்தபோது அவருடைய கடுதாசிகள், மெடல்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவிடம் இருந்த ஒரு படம் மட்டும்தான். அவர் பைலட் என்றும், 1942 ஈஸ்டர் ஞாயிறு ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கொழும்பு ரேஸ்கோர்ஸில் இருந்த விமானத்தளத்தில் இருந்தார் என்றும் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அம்மாவுக்கு இப்போது 78 வயது. அவர் இருக்கும்போதே உண்மையாக என்ன நடந்தது என்று தெரிந்து சொல்ல வேண்டும். இரத்மலானையில் விமானப்படை மியூசியத்தில் கேட்டால் கிடைக்குமா?

பழைய கடுதாசி:
மியூசியம் போய்ப் பார்க்க நல்ல இடம், ஆனால் அவருடைய பதிவு அங்கே இருக்காது. நம் நாட்டு விமானப்படை 1951 இல்தான் தொடங்கியது, அதற்கு முன் இரத்மலானை, கொக்கலை, சீனன்குடா எல்லாம் பிரிட்டிஷ் ஆர்.ஏ.எஃப் இன் கையில். ஆகவே பதிவுகள் இங்கிலாந்தில். முதலில் அந்தப் படத்தைக் கவனமாகப் பாருங்கள். இடது மார்பில் இறக்கை தைத்திருக்கிறதா? சட்டைக் கையில் என்ன சின்னம்? தொப்பியின் முன்பக்கம் வெள்ளைத் துணி ஏதும் செருகியிருக்கிறதா?

வெள்ளவத்தைப் பேத்தி:
பெரியம்மாவின் மகன் வாட்ஸ்அப்பில் பெரிதாக எடுத்து அனுப்பினான். மார்பில் ஒன்றும் இல்லை. கையில் ஒரு முஷ்டி மின்னல் கீற்றுகளைப் பிடித்திருக்கிற மாதிரி ஒரு சின்னம், அதோடு இரண்டு இதழ் உள்ள விமானச் சுழலி மாதிரி இன்னொன்று. தொப்பியில் வெள்ளை இல்லை.

பழைய கடுதாசி:
அருமையான படம், பத்திரமாக வைத்திருங்கள். மின்னலைப் பிடித்த முஷ்டி வயர்லெஸ் ஆபரேட்டரின் சின்னம். இரண்டு இதழ்ச் சுழலி, சார்ஜன்டுக்குக் கீழான லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் என்ற தரத்துக்கு உரியது. பறக்கப் பயிற்சி எடுக்கிறவர்கள் தொப்பியில் வெள்ளைத் துணி செருகுவார்கள், பயிற்சி முடிந்து பறக்கிறவர்கள் அந்தக் காலத்தில் குறைந்தது சார்ஜன்ட் ஆகிவிடுவார்கள், மார்பில் இறக்கையும் இருக்கும். ஆகவே படம் எடுத்தபோது மாமா பைலட் இல்லை, தரையில் இருந்து செய்தி வாங்கி அனுப்பியவர் என்றே நினைக்கிறேன். அதில் குறை ஒன்றும் இல்லை. வயர்லெஸ்காரர்கள் இல்லாமல் ஒரு விமானமும் உருப்படியாகப் போய் வர முடியாது. அந்தத் தாக்குதலுக்கு முந்தைய நாள், ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து போன கேட்டலினா விமானம் ஜப்பான் கடற்படையைக் கண்டு அனுப்பிய வயர்லெஸ் செய்தியால்தான் கொழும்புக்கு முன்கூட்டியே தெரிந்தது.

ரேஸ்கோர்ஸ் கதையையும் சரிபார்க்கலாம். அன்று அங்கே இருந்தது 258 ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு, இரத்மலானையில் 30 ஸ்குவாட்ரன். இரண்டின் நாட்குறிப்புகளும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற தொகுப்பில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பறந்தவர்களின் பெயர்தான் வரும், தரையில் வேலை செய்தவர்கள் பெயர் அபூர்வம். 1941 இல் இங்கிலாந்து போனவர் பயிற்சி முடித்து 1942 ஏப்ரலுக்குள் திரும்பி வந்தாரா என்பதுதான் கேள்வி. அதை அவருடைய சேவை அட்டை சொல்லிவிடும், எந்த முகாமில் எந்தத் தேதியிலிருந்து என்று வரிவரியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை:
அட்டைக்கு வழி இதுதான். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய பதிவுகளைச் சில வருடங்களாகக் கியூவுக்கு மாற்றி வருகிறார்கள், ஆகவே விண்ணப்பிக்குமுன் இப்போது எது எங்கே என்று இரண்டு இடத்தாரின் இணையத்தளங்களிலும் பாருங்கள். இறந்து 25 வருடம் தாண்டிவிட்டதால் விபரம் தருவதில் அவ்வளவு கெடுபிடி இருக்காது. மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும், பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம், சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெயரில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது. நமக்கு முன்னால் வருவது தகப்பன் பெயர், அவர்கள் கடைசியில் எழுதியதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். மாமாவின் பெயரிலும் தேடுங்கள், அவருடைய அப்பாவின் பெயரிலும் தேடுங்கள், எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். கியூவின் ஏர் 78 என்ற தொகுப்பு ஆர்.ஏ.எஃப் காரர்களின் பெயருக்கு எதிரே சேவை இலக்கம் தரும் அட்டவணை, வீட்டிலிருந்தே இலவசமாக இறக்கலாம், கோப்புகள் மட்டும் பெரிது. இலக்கம் கையில் வந்தால் மற்ற எல்லாம் லேசு.

வெள்ளவத்தைப் பேத்தி:
இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வயர்லெஸ் என்று சொன்னதும் அம்மா சொன்னார், மாமா கடைசிக் காலத்திலும் சாப்பாட்டு மேசையில் தந்தி அடிக்கிற மாதிரி விரலால் தட்டிக்கொண்டே இருப்பாராம். பெரியம்மாவிடம் மாமா அனுப்பிய கடிதம் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய கடுதாசி:
கடிதம் இல்லாவிட்டாலும் உறை இருந்தால் போதும். அனுப்பியவர் பெயரோடு சேவை இலக்கத்தையும் எழுதுவது வழக்கம். படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஸ்டூடியோ முத்திரை இருந்தால் எந்த ஊரில் எடுத்தது என்றாவது தெரியும்.