மூன்று மதத்தவரும் வரும் ஊர்த் திரையிடல்: என்ன படம், எத்தனை மணிக்கு, எப்படிப் பேசவைப்பது?

வடக்குவீதி:
நாகப்பட்டினம் பக்கம் சின்ன ஊர். பள்ளிவாசல், மாதா கோயில், மாரியம்மன் கோயில் மூன்றும் நடந்துபோகும் தூரம். படிப்பக மாடியில் 60 நாற்காலி போடலாம், மேற்குப் பக்கம் நாலு ஜன்னல். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை படம் போட்டு, முடிந்ததும் எல்லாரையும் பேசவைக்க வேண்டும். மத நல்லிணக்கப் படமாகத் தேடுகிறோம். மேடைக்கு ஒரு ஆலிம், ஒரு ஃபாதர், ஒரு குருக்கள். படம், நேரம், அனுமதி மூன்றுக்கும் யோசனை சொல்லுங்கள்.

திரைச்சீலை:
முதலில் அந்த மேடையைக் கைவிடுங்கள். மூன்று பெரியவர்களை மேலே உட்காரவைத்தால் மூவரும் அன்பைப் பற்றிப் பேசுவார்கள், கீழே இருப்பவர்கள் கைதட்டிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அவசியம் கூப்பிடுங்கள், ஆனால் பார்வையாளர்களாக, மற்றவர்களோடு கலந்து.

நல்லிணக்கப் படமும் வேண்டாம். தீர்ப்பைப் படமே சொல்லிவிட்டால் பார்த்தவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது? அன்றாட வாழ்க்கைக்குள் மதம் தானாக வந்துபோகிற படமாக எடுங்கள். மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (ஈரான், 1997) 89 நிமிடம்தான். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற கதை. அதில் அப்பா பள்ளிவாசலுக்கான சர்க்கரையை உடைத்துக்கொண்டிருப்பார். மகள் தேநீர் கொண்டுவருவாள். சர்க்கரை எங்கே என்பார். இதோ இவ்வளவு கிடக்கிறதே என்பாள் அவள். அது பள்ளிவாசலுடையது, நம்மை நம்பிக் கொடுத்தது என்று ஒரு துண்டைக்கூடத் தொடமாட்டார்.

படத்தை நடுவில் நிறுத்தாதீர்கள். அந்த இடத்தின் நிமிடக் கணக்கைக் குறித்துவைத்து, முடிந்தபின் அதை மட்டும் மறுபடி போட்டுக் கேளுங்கள்: “இதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?” ஒருவர் ‘சிவன் சொத்து குல நாசம்’ என்பார். ஒருவர் அமானிதம் (நம்பி ஒப்படைத்த பொருள்) என்பார். கிறிஸ்தவர்களில் வேதம் படிப்பவர் லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரனை, அதாவது எசமானின் சொத்தைப் பார்த்துக்கொள்பவனை, சொல்வார். மூன்றும் ஒன்றுதான் என்று அவசரமாக முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ஒன்றில் குலம் அழியும் என்ற பயம், ஒன்றில் ஒப்படைத்தவரின் நம்பிக்கை, ஒன்றில் கணக்குக் கொடுக்கும் பொறுப்பு. வித்தியாசம் எங்கே என்று தேட ஆரம்பித்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும்.

நாழிகை:
நேரம் பற்றி. டிசம்பரில் உங்கள் பக்கம் பொழுது சாய்வது 5.50 வாக்கில். கரையோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவு), பிற்பகல் தொழுகையான அஸர் நேரம் மூன்றரைக்கு முன்பே வந்துவிடும். ஹனஃபி பிரிவு ஜமாஅத் என்றால் இன்னும் தள்ளிப்போகும். பள்ளிவாசல் பலகையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிப்தான் சிக்கல். இரவுத் தொழுகையான இஷாவைப் பிந்தித் தொழலாம், மஃரிபுக்கு அவகாசம் குறைவு. ஆகவே 4.10க்குப் படம், 5.40க்கு முடிவு, தொழுகைக்கும் தேநீருக்கும் 30 நிமிடம், 6.10க்குப் பேச்சு, 7 மணிக்குப் பெண்கள் பஸ் பிடிக்கலாம். வரவேற்புரை இழுத்துப் படம் 4.45க்குத் தொடங்கினால், படத்தின் கடைசியில் வரும் ஓட்டப் பந்தயம் நடக்கும்போது பாதிப் பேர் எழுந்துபோய்க்கொண்டிருப்பார்கள்.

சுண்டல், டீ போதும். கோயிலில் படைத்த பிரசாதத்தை அதோடு சேர்த்து நீட்டாதீர்கள், கைநீட்டச் சிலர் தயங்குவார்கள்.

நாலு மணி வெயில் மேற்கு ஜன்னலில் நேராக அடிக்கும். கறுப்புத் துணி ஒரு மடிப்பு போதாது. கறுப்புத் தார்ப்பாயை ஓரம் வரை டேப் ஒட்டி மூடுங்கள். புரொஜெக்டர் வெளிச்சம் 3500 லூமெனுக்குக் குறையக் கூடாது. திரை 8 அடி அகலம், 4.5 அடி உயரம். கடைசி வரிசை 27 அடிக்குள். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடியாவது மேலே இருக்கட்டும். இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலைத்தான் முதலில் மறைக்கும். ஸ்பீக்கரை ஒயரில் இணையுங்கள், ப்ளூடூத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

எழுத்துரு:
தமிழ் சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 (எழுத்துக் குறியாக்க முறை) ஆகச் சேமித்து, ‘கொ’, ‘கௌ’ வருகிற வரிகளைத் திரையிலேயே ஓட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் எழுத்துருவை மாற்றுங்கள், அல்லது படத்தோடு பதித்துவிடுங்கள். போகப் போக வரி பிந்தினால் ஃப்ரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது) வேறு: 23.976க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம்வரை போகும். மொத்தமாக நகர்த்தினால் தீராது, வேகத்தை மாற்ற வேண்டும். எழுத்து வாசிக்காத பெரியவர்கள் நிறைய வருவார்கள் என்றால் தமிழ்ப் படமே மேல்.

அனுமதி: டிக்கெட் இல்லை என்பதாலேயே சட்டம் விட்டுவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அமெச்சூர் மன்றங்களுக்குத் தரும் விலக்கு நாடகம், இசை போன்றவற்றுக்குத்தான், சினிமாவுக்கு அல்ல. கல்வி நிறுவனத்தில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் காட்டப் படத்துக்கும் விலக்கு உண்டு, எனவே பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து நடத்துவதை யோசியுங்கள். இல்லையென்றால் உரிமையாளரிடம் தேதி, இடம், இருக்கை எண்ணிக்கை குறித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொதுத் திரையிடலுக்கு 1952 திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அதையும் அவரிடமே கேளுங்கள். ஓடிடி சந்தா வீட்டுக்கு மட்டும். அதிலும் பழைய புரொஜெக்டரில் நகல் தடுப்பு குறுக்கிட்டுக் கறுப்புத் திரைதான் வரும்.

எதிர்க்கரை:
@திரைச்சீலை, முதல் தடவைக்குச் சரி. ஆனால் எப்போதும் ஷூவும் சர்க்கரையுமாகவே ஓட்டினால் அது தப்பித்தல். வாடகைக்கு வீடு மறுப்பது, கலப்புத் திருமணம், ஊர்வலப் பாதை எல்லாம் என்றைக்குப் பேசுவது? மூன்றாவது திரையிடலிலாவது எம்.எஸ். சத்யுவின் ‘கரம் ஹவா’ (1973) போல ஒன்று வரட்டும். பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பம், வீடு தேடி அலைகிற பகுதி உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

திரைச்சீலை:
ஒப்புக்கொள்கிறேன், அதே ஆட்கள் மறுபடி வந்தால் மட்டும். முகம் பழகாத கூட்டத்தில் அந்தப் படம் போட்டால் முஸ்லிம்கள் வாயே திறக்காமல் போய்விடுவார்கள்.

வடக்குவீதி:
மேடை ரத்து. 60 பேரை எப்படிப் பிரிப்பது?

எதிர்க்கரை:
எட்டெட்டுப் பேராக. வாசலிலேயே கலர் சீட்டுக் கொடுங்கள், குடும்பமாக வருபவர்களுக்கு வேறு வேறு நிறம். ஒரு வட்டத்தில் ஒரு மதத்தவர் தனி ஆளாக மாட்டக் கூடாது, இரண்டு பேராவது வேண்டும். ஆள் குறைந்தால் எல்லா வட்டத்திலும் ஒவ்வொருவராகத் தூவாமல் சில வட்டங்களில் மட்டும் சேர்த்து உட்காரவையுங்கள். “பாய், நீங்க சொல்லுங்க, உங்க மார்க்கத்துல எப்படி?” என்று யாராவது ஆரம்பித்தால், வட்டத்தை நடத்துபவர் உடனே கேள்வியைத் திருப்ப வேண்டும்: “எல்லாரும் சொல்லுவோம், முதல்ல கேட்டவர் வீட்டுலேருந்து.”