மறு: ‘மேஜிக் நம்பர்’ – கோப்பின் வகையைக் காட்டும் பைட்டுகளுக்கு என்ன சொல்?

வணக்கம். ஒரு கோப்பு எந்த வகை என்று காட்ட அதன் உள்ளேயே எழுதிவைக்கும் சில பைட்டுகளை ஆங்கிலத்தில் ‘மேஜிக் நம்பர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘மாய எண்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, கேட்டதும் புரிகிறது.

ஆங்கிலச் சொல்லை முன்பே அறிந்தவருக்குத்தான் அது புரியும். பெயர் நீட்சியே (.png, .zip போன்ற பெயர் முடிவு) இல்லாத ஓர் இருமக் கோப்பு கணினியில் கிடக்கிறது. படமா, நிரலா, சுருக்கிய தொகுப்பா என்று தெரியாமல் ஒருவர் நம் உதவிப் பக்கத்துக்கு வருகிறார். அவரிடம் போய் ‘மாய எண்ணைப் பாருங்கள்’ என்றால் என்ன விளங்கும்? அங்கே மாயம் ஏதும் இல்லை, பல நேரம் எண்ணும் இல்லை. ஜிப் தொகுப்பின் முதலில் இருப்பது பி, கே என்ற இரண்டு எழுத்துகள். அதை வடிவமைத்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். நிரலுக்குள் விளக்கமின்றி எழுதிவைக்கும் எண்ணையும் மேஜிக் நம்பர் என்கிறோம். ‘மாய எண்’ அதற்கு நன்றாகப் பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும்.

> கோப்புக் கையொப்பம்?

இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். கையொப்பம் என்றாலே இன்னார் போட்டது, நம்பலாம் என்றுதான் பொருள். ‘மின்கையொப்பம்’ வேறு வழக்கில் ஊன்றிவிட்டது. இந்தப் பைட்டுகளை யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பின் முன்னாலும் எழுதிவிடலாம். ‘கையொப்பம் சரியாக உள்ளது’ என்று படித்துவிட்டு ஒருவர் தீங்குநிரலைத் திறந்தால், சொல்லைக் கொடுத்த நமக்கும் அதில் பங்கு உண்டு. ‘முத்திரை’க்கும் இதே சிக்கல்தான்.

‘தலைக்குறி’ அழகான சொல். ஆனால் எல்லாக் குறியும் தலையில் இல்லையே. டார் தொகுப்பில் 257 பைட்டு கடந்த பிறகுதான் ‘யுஸ்டார்’ என்ற குறி வருகிறது. ஐஎஸ்ஓ வட்டுப் படிமத்தில் குறியைப் பார்க்க 32,769 பைட்டு கடந்து போக வேண்டும்.

என் பரிந்துரை: உட்குறி.

பெயர் நீட்சி கோப்புக்கு வெளியே ஒட்டியிருப்பது, பெயரை மாற்றினால் போய்விடும். இது உள்ளடக்கத்திலேயே இருப்பது. வடிவத்தை உருவாக்கியவர் யோசித்து வைத்த குறியும்கூட. பிஎன்ஜி படத்தின் முதல் எட்டு பைட்டுகளைப் பாருங்கள்: 137 80 78 71 13 10 26 10. நடுவிலுள்ள 80 78 71 என்பது பி, என், ஜி எழுத்துகளுக்கான எண்கள். முன்னால் 137 எதற்கு? 127க்கு மேற்பட்ட எண் என்பதால் உரைக்கோப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வாய்ப்புக் குறைவு. பைட்டின் எட்டு பிட்டுகளில் ஏழு பிட் மட்டுமே கடத்தும் வழியில் போனால் அது 9 ஆகிவிடும், கோப்பு கெட்டது உடனே தெரியும். 13 10, கடைசி 10 இரண்டும் வரிமுடிவை யாராவது மாற்றியிருந்தால் காட்டிக்கொடுக்கும். 26 என்பது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் கோப்பு திரையில் கொட்டாமல் நிறுத்தும். எட்டே பைட்டில் இவ்வளவு வேலை!

> ‘வகைக்குறி’ இன்னும் தெளிவாக இல்லையா?

வகையை அது முழுதாகச் சொல்வதில்லை. டாக்எக்ஸ் ஆவணம், ஈபப் நூல், ஆண்ட்ராய்டு செயலி எல்லாம் அதே பி, கே என்றுதான் தொடங்குகின்றன. ஜாவா வகுப்புக் கோப்பும் மேக் கணினியின் பல்கட்டமைப்பு நிரலும் (பல வகைச் சில்லுகளுக்கு ஒரே கோப்பு) 202 254 186 190 என்ற ஒரே நான்கு பைட்டுகளைப் பகிர்கின்றன. உட்குறியைப் பார்த்த பிறகும் கொஞ்சம் உள்ளே போய்த்தான் தீர்மானிக்க வேண்டும்.

‘உட்குறிப்பு’ என்ற சொல் பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சொல்லாமல் உணர்த்துவது. வரும் இடம் வேறு, குழப்பம் வராது. கூட்டுச்சொல்லும் எளிதாக அமைகிறது: உட்குறிப் பட்டியல், உட்குறி ஆய்வு.

சரி, இது ஒத்துவந்தால் அடுத்து ஒன்று பாக்கி. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1973 முதலே இருக்கும், கோப்பின் வகையைச் சொல்லும் ‘ஃபைல்’ கட்டளை, எந்தக் குறியும் பொருந்தாமல் உரையாகவும் தெரியாவிட்டால் வெறுமனே ‘டேட்டா’ என்கிறது. அதை ‘தரவு’ என்று பெயர்த்தால் பயனருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘இனந்தெரியாத தரவு’ என்று போடலாமா? மாற்று இருந்தால் எழுதுங்கள்.