ஸ்டேண்ட்பையில் குவியும் வால் பைல்: ஸ்லாட்டா, ஆர்கைவா?

வாவிக்கரை:
போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ். பிரைமரி (முதன்மை சேர்வர்) மட்டக்களப்பில, ஸ்டேண்ட்பை (அதின்ர நகல் சேர்வர்) அம்பாறையில. பிரைமரி தன்ர வால் பைல்களை (WAL, டேட்டாவில நடக்கிற மாற்றங்களைப் பதியிற லொக்) நேரா ஸ்டேண்ட்பையின் ஆர்கைவ் போல்டருக்கு அனுப்புது. அங்க டிஸ்க் நிரம்புது. மூணு நாளுக்கு முந்தினதை அழிக்கச் சொல்லி கிரானில (குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டுற கருவி) போடலாமா?

கல்லாறு:
வேணாம் தம்பி. கிரானுக்கு நாள்தான் தெரியும், ஸ்டேண்ட்பை எது வரைக்கும் ரீப்ளே செய்திருக்கு (வால் பைலில உள்ள மாற்றத்தைத் தன்னில ஏத்தியிருக்கு) எண்டு தெரியாது. ரீப்ளே நாலு நாள் நிண்டு திரும்பினா தேவையான பைல் போயிருக்கும். நடுவில ஒண்டு இல்லாட்டி பிறகு உள்ள அத்தனையும் வீண். ஸ்டேண்ட்பையில ஆர்கைவ்_கிளீனப்_கமாண்ட் செட்டிங்குக்கு பிஜி_ஆர்கைவ்கிளீனப் எண்ட கருவியைக் குடுங்க, போல்டர் பேரும் வீத அடையாளத்தோட 'ஆர்' எழுத்தும் (%r) போதும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்பாயிண்டிலயும் (ஸ்டேண்ட்பை ஏத்தினதை டிஸ்க்கில எழுதி முடிக்கிற புள்ளி) இனித் தேவைப்படாததை மட்டும் அதுவே அழிக்கும். அதே போல்டரை இன்னொரு ஸ்டேண்ட்பையோ பேக்கப்போ பாவிச்சா மட்டும் இதைப் போடாதீங்க, அவங்கட பைலும் போயிடும்.

ஒலுவில்:
ஆர்கைவே எதுக்கு? ஸ்ட்ரீமிங்கும் (மாற்றங்களை லைனில உடனுக்குடன் அனுப்புறது) ஒரு ஸ்லாட்டும் (ஸ்டேண்ட்பை வாங்காத வாலை பிரைமரி அழிக்காமப் பிடிச்சு வைக்கிற குறிப்பு) போதும். ஆர்கைவிலயோ, ஆர்கைவ்_டைம்அவுட் (பைல் நிரம்பாட்டியும் அடுத்ததுக்கு மாத்துற நேரம்) 60 செக்கன் எண்டு வச்சா, எழுத்து ஓடிக்கிட்டிருக்கிற சேர்வரில நாளுக்கு 1440 பைல். ஒண்டு 16 எம்பி, மொத்தம் 22.5 ஜிபி. பாதி வெறுமையாக் கிடந்தாலும் முழு அளவுதான்.

கல்லாறு:
மாரியில ரெண்டு நாள் லைன் இல்லாட்டி? ஸ்லாட் எல்லாத்தையும் பிரைமரியின் பிஜி_வாலிலயே (வால் பைல் இருக்கிற போல்டர்) பிடிச்சு வைக்கும். அதுக்கு எல்லை போடுற மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் செட்டிங் இயல்பா -1, எல்லையே இல்லை. டிஸ்க் நிரம்பினா பிரைமரியே நிண்டுடும்.

ஒலுவில்:
எல்லையை 40 ஜிபி எண்டு வைங்க, முடிஞ்சுது. உங்கட வழியிலயும் அதே ஓட்டை இருக்கே அண்ணே! லைன் இல்லாட்டி பைலை அனுப்புற ஆர்கைவ் கமாண்ட் தோற்கும், அனுப்பாத பைலெல்லாம் அதே பிஜி_வாலில குவியும். அதுக்கு எல்லை போடுற செட்டிங்கே கிடையாது.

கல்லாறு:
நேரா அனுப்பினா நீங்க சொல்றது சரி. அதனாலதான் ஆர்கைவ் முதல்ல மட்டக்களப்பிலயே வேற டிஸ்க்குக்குப் போகணும், ஆர்சிங்க் (பைல் கொப்பி பண்ணுற கருவி) தனி வேலையா அம்பாறைக்குக் கொண்டு போகணும். உங்கட 40 ஜிபி தாண்டினா ஸ்லாட் 'லாஸ்ட்' (பாவிக்க ஏலாதது) ஆகும். ஆர்கைவும் இல்லாட்டி பேஸ்பேக்கப்பை (முழு டேட்டாபேஸின்ர நகல்) முதல்ல இருந்து எடுக்கணும். 300 ஜிபி டேட்டாபேஸ், 20 எம்பிபிஎஸ் லைன் எண்டா 33 மணித்தியாலம். ஆர்கைவ் இருந்தா ஸ்டேண்ட்பையின்ர ரீஸ்டோர்_கமாண்ட் அதில விட்ட இடத்தில இருந்து எடுக்கும், ஸ்லாட்டை மட்டும் அழிச்சுத் திரும்பப் போடணும்.

ஒலுவில்:
சரி, ஆர்கைவை வைங்க. ஆனா ஸ்லாட்டை விடமாட்டேன். ஆர்கைவ் மட்டும் எண்டா ஒரு பைல் முடியிற வரைக்கும் ஸ்டேண்ட்பை பின்னுக்குத்தான். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில (ஸ்லாட்டுகளின்ர நிலையைக் காட்டுற அட்டவணை) சேஃப்_வால்_சைஸ் (ஸ்லாட் 'லாஸ்ட்' ஆக முன்ன இன்னும் எழுதக்கூடிய அளவு) குறையிறதைப் பார்த்து அலாரம் வைங்க.

வாவிக்கரை:
ஸ்டேண்ட்பையின் சொந்த பிஜி_வாலும் பெருக்குதே? டேட்டா போல்டரை ஆர்சிங்கில கொப்பி பண்ணித்தான் உருவாக்கினது.

கல்லாறு:
அப்ப ஸ்லாட் விபரம் இருக்கிற பிஜி_ரெப்ஸ்லாட் போல்டரும் சேர்ந்து வந்திருக்கும். பேஸ்பேக்கப் எண்டா அதை விட்டுட்டு எடுக்கும், ஆர்சிங்க் எடுக்காம விடாது. பிரைமரியின் பழைய ஸ்லாட் ஸ்டேண்ட்பையில உயிரோட இருந்து வால் பைலைப் பிடிச்சு வைக்குது. ஸ்டேண்ட்பையிலயே பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸைப் பாருங்க, ஆக்டிவ் இல்லாததை பிஜி_ட்ராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்டால நீக்குங்க. அடுத்த ரீஸ்டார்ட்பாயிண்டில இடம் தானா விடும். பிஜி_வாலுக்குள்ள கையால ஒரு பைலும் அழிக்காதீங்க.