ஸ்டவுட் வாயில் நிற்கவில்லை, லாக்டோஸ் எவ்வளவு போடலாம்?

கொழிஞ்சாம்பாறை:
படிப்பு இங்கிலாந்தில் லீட்ஸில், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் போட லைசன்ஸ் வேண்டாம் என்பதால் 20 லிட்டர் ஸ்டவுட் (வறுத்த தானியம் சேர்த்த கருப்பு பீர்) போட்டு ரூம்மேட் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தேன். ஆரம்ப அடர்த்தி (தண்ணீருக்கு 1.000 என்ற கணக்கில்) 1.054, இப்போது 1.008, அதற்குக் கீழே இறங்கவில்லை. வறுத்த மணம், கசப்பு எல்லாம் சரியாக இருக்கிறதாம், ஆனால் கட்டங்காப்பியில் தண்ணீர் ஊற்றின மாதிரி மெலிசாக இருக்கிறது என்கிறான். திடத்துக்காக ஊர்க் கருப்பட்டி ஒரு கிலோ சேர்த்திருந்தேன். பாட்டிலில் அடைக்கும்போது இன்னும் கொஞ்சம் பாகு விட்டால் இனிப்பு வருமா? பாலக்காட்டு ஹோமியோ கடையில் பால் சர்க்கரை என்று கொடுக்கிறார்களே, லாக்டோஸ் அதுதானா? வாங்கிக்கொண்டு போகலாமா?

வேலந்தாவளம்:
தம்பி, பாகு மட்டும் விட்டுவிடாதீர்கள். கருப்பட்டி பெரும்பாலும் சுக்ரோஸ், ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். ஆல்கஹால் ஏறி பீர் மெலிந்ததற்குக் காரணமே அதுதான். அதே வேலை மூடின பாட்டிலுக்குள் நடந்தால் கேஸ் ஏறி பாட்டில் வெடிக்கும், பக்கத்தில் ஆள் இருந்தால் கண் போய்விடும். நுரைக்கு லிட்டருக்கு 5, 6 கிராம் சர்க்கரை போதும்.

லாக்டோஸை உடைக்கிற நொதி பீர் ஈஸ்டிடம் கிடையாது, அதனால் போட்டது போட்டபடி பீரிலேயே இருக்கும். இனிப்பு, சாதாரண சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். கென்ட்டில் மெக்கெசன் கம்பெனி 1907இல் மில்க் ஸ்டவுட் விற்க ஆரம்பித்ததும் இதை வைத்துத்தான். 20 லிட்டருக்கு 400 கிராமிலிருந்து அரைக் கிலோ வரை போடலாம். அரைக் கிலோ போட்டால் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டர் 1.017 பக்கம் காட்டும், அப்புறம் இறங்காது, பயப்பட வேண்டாம்.

ஆனால் ருசி பார்க்காமல் கொட்டாதீர்கள், ஒரு தடவை போட்டால் எடுக்க முடியாது. 10 கிராம் லாக்டோஸைக் கொதிநீரில் கரைத்து மொத்தம் 20 மில்லி வரும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறினால் அடியில் படியும், சூட்டோடு மெடிக்கல் சிரிஞ்சில் எடுக்க வேண்டும். நான்கு டம்ளரில் 100 மில்லி பீர், ஒன்றைச் சும்மா விட்டு மற்றதில் 2, 4, 5 மில்லி. அது 20 லிட்டருக்கு 200, 400, 500 கிராம் கணக்கு. எது பிடிக்கிறதோ அந்த அளவை ஒரு லிட்டர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியே ஆறவைத்து, அடைக்கிற அன்று சேர்க்கட்டும்.

நகரி:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இனிப்பு வேண்டாம் திடம் மட்டும் போதும் என்றால் மால்டோடெக்ஸ்ட்ரின் (ஈஸ்ட் பெரும்பாலும் தின்னாத மாவுச்சத்துப் பொடி) 250 கிராம் போதும், அடர்த்தி 5 புள்ளி, அதாவது 0.005 ஏறும், இனிப்பு தெரியவே தெரியாது. லாக்டோஸ் போட்டால் குடிக்கிறவர்களிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு உப்பும், பால் அலர்ஜி இருப்பவர்கள் தொடவே கூடாது. வாளி, குழாய் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும், தயிரைப் புளிக்க வைக்கிற ரகத்து பாக்டீரியா உள்ளே போனால் அதற்கு லாக்டோஸ் நல்ல தீனி.

ஹோமியோ கடைப் பால் சர்க்கரை லாக்டோஸ்தான். ஆனால் வெள்ளைப் பொடியை ஏர்போர்ட் வழியாக எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்? அங்கே பீர் சாமான் கடையிலேயே கிடைக்கும். இங்கே எடுத்துப் பழகிப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள், லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் போடக் கேரள அப்காரிச் சட்டம் (மதுவுக்கான சட்டம்) விடாது.

கொழிஞ்சாம்பாறை:
நன்றி அண்ணா, இருவருக்கும். ரூம்மேட் நேற்று ராத்திரியே டம்ளர் வைத்துப் பார்த்துவிட்டான், 4 மில்லி விட்டதுதான் நன்றாக இருக்கிறதாம், 5 மில்லி கடைசி வாயில் திகட்டுகிறதாம். ஆனால் இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும் என்கிறான். இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

வேலந்தாவளம்:
போடலாம். லாக்டோஸ் 300, மால்டோடெக்ஸ்ட்ரின் 200 என்று அதையும் ஒரு டம்ளரில் பார்த்துவிட்டுப் போடட்டும். அடுத்த முறை கருப்பட்டியை 200 கிராமுக்குக் குறைத்து, மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) 68, 69 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்து, கொஞ்சம் ஓட்ஸும் சேர்த்தால் இவ்வளவு தேவைப்படாது.