பீம் வழியே கழிவுக் குழாய்: ஸ்லீவா, கோர் கட்டிங்கா?

கேள்வி (வீட்டு உரிமையாளர், தாம்பரம்):
அனைவருக்கும் வணக்கம். முதல் தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை காங்கிரீட் போடுகிறோம். கழிப்பறையிலிருந்து வெளியே செல்லும் 110 மி.மீ. குழாய், 230க்கு 450 மி.மீ. பீமைத் தூணிலிருந்து 300 மி.மீ. தள்ளிக் கடக்க வேண்டும் என்பதை இப்போதுதான் கவனித்தோம். காங்கிரீட் இறுகிய பின் கோர் கட்டிங் (இயந்திரத்தால் வட்டத் துளை அறுப்பது) செய்யலாம் என்கிறார் பிளம்பர். இப்போதே ஸ்லீவ் (பின்னர் குழாய் நுழைய இடம் விடும் உறைக்குழாய்) வைக்கலாம் என்கிறார் மேஸ்திரி. எது சரி?

பதில் 1 (கட்டமைப்புப் பொறியாளர்):
ஐயா, அந்த இடத்தில் இரண்டுமே வேண்டாம். வெட்டுவிசை (பீமைக் குறுக்கே துண்டிக்கப் பார்க்கும் விசை) மிகுதியாக இருப்பது தூணை ஒட்டிய பகுதியில்தான். நிலநடுக்கத்தைத் தாங்கும் காங்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 13920இன்படி, தூண் முகத்திலிருந்து பீமின் பயனுறு ஆழத்தை (பீமின் விளிம்பிலிருந்து எதிர்ப்புற முதன்மைக் கம்பியின் மையம் வரையுள்ள ஆழம்) போல இரு மடங்கு தொலைவு வரை, அதாவது உங்கள் பீமில் ஏறத்தாழ 800 மி.மீ. வரை, ஸ்டிரப்புகளின் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகள்) இடைவெளி 100 மி.மீ.க்கு மிகக் கூடாது. 110 மி.மீ. குழாய்க்குச் சாய்வும் தளர்வும் சேர்த்து 160 மி.மீ. ஸ்லீவ் வைத்தால், ஒரு ஸ்டிரப்பையாவது அகற்றாமல் அது உள்ளே போகாது. கோர் கட்டிங் இன்னும் மோசம். எந்தக் கம்பி அறுபட்டது என்பது அறுத்த பிறகே தெரியும். குழாயைக் கழிப்பறைக்குள்ளேயே ஸ்லாப் வழியாகக் கீழிறக்கி, பீமின் அடியில் சுவரைக் கடக்கச் செய்யுங்கள். ஸ்லாப் துளைக்குக் கம்பிகளை விலக்கிக் கட்டினாலே பெரும்பாலும் போதும். வெட்ட நேர்ந்தால் அதே பரப்பளவுக் கம்பியைத் துளையின் இருபுறமும் சேர்க்க வேண்டும். எதுவாயினும் வரைபடம் தந்த பொறியாளரின் ஒப்புதல் அவசியம்.

பதில் 2 (தளப் பொறியாளர், கோவை):
நான் பணியாற்றிய ஓர் அடுக்ககத்தில் குழாய், ஏசி, தீயணைப்பு வரைபடங்களைத் தனித்தனியாகவே பார்த்ததால், மூன்றும் ஒரே பீமில் ஒரே இடத்தைக் கேட்டது சென்ட்ரிங்கின் மேல் நின்றபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து துளைகள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் எண், அளவு, மைய மட்டத்துடன் குறித்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே கம்பி கட்டத் தொடங்குகிறோம். ஸ்லாப் ஸ்லீவின் இரு முனைகளையும் அடைத்து, நகராதபடி கம்பியோடு கட்டுங்கள். திறந்து விட்டால் காங்கிரீட் நிறைந்துவிடும். காங்கிரீட்டுக்கு முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் பொறியாளரும் ஸ்லாப் வழியே இறக்கவே ஒப்புக்கொண்டார். அவரோடு நடந்து பார்த்தபோது, சமையலறைக் குழாய்க்கும் ஏசி வடிகுழாய்க்கும் துளை குறிக்கப்படவில்லை என்பது தெரிந்தது. ஆகவே காங்கிரீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.