முதலாளி பூதமானால் சிரிப்பு வருமா?

கிளமெண்டி வாசகன்:
டாம் ஹோல்ட் 2003இல் எழுதிய ‘தி போர்ட்டபிள் டோர்’ நாவலை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். பால் என்ற இளைஞன் லண்டனில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்கிறான். அங்கே என்ன வியாபாரம் நடக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. பாலைவனப் புகைப்படங்களைக் கொடுத்து, தோன்றுகிற இடத்தில் வட்டம் போடச் சொல்கிறார்கள். அலுமினியத் தாதுவான பாக்சைட்டைத் தேடுகிற வழியாம் அது! கம்பெனி விற்பதே மாயம்தான். இருட்டினால் கட்டடம் குட்டிப்பூதங்கள் கைக்குப் போய்விடும். முதல் நூறு பக்கம் நன்றாகச் சிரித்தேன். அப்புறம் அதே வேடிக்கைதான் திரும்பத் திரும்ப. முதலாளி பூதம் என்று சொல்ல ஒரு முழு நாவல் வேண்டுமா?

ஈசூன் கணக்கர்:
நீங்கள் ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கிற ஆள் இல்லை என்று தெரிகிறது. பூதம் வருவதில் என்ன வேடிக்கை இருக்கிறது? பூதத்தைப் பார்த்த பிறகும் பையன் மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறானே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அலுவலகத்திலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் மின்தூக்கியில் வருவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

கிளமெண்டி வாசகன்:
சரி, ஆனால் புதுசு எங்கே? கம்பெனியின் பெயரே 1877இல் லண்டனில் மேடையேறிய ‘தி சார்சரர்’ இசைநாடகத்தில் வரும் மாய வியாபாரி வெல்ஸுடையது. நம்மிடமும் இல்லையா? தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமாதித்தன் எதற்காக மரம் ஏறினான்? மேலிடம் கேட்ட பிணத்தைக் கொண்டுவர. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வான், வேலை முதலிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியில் பார்த்தால் வேலை கொடுத்த சாமியாரே அவனைப் பலி கொடுக்கத் திட்டம் போட்டவர். புதுமைப்பித்தனோ கடவுளையே பத்திரிகைச் சந்தாதாரராக்கி 25 ரூபாய் வரவு எழுத வைத்துவிட்டார். அது ஒரே சிறுகதை.

தேக்கா அக்கா:
தம்பிகளா, நடுவில் நுழைகிறேன். வியாபாரத்தையும் தேவதைக் கதையையும் கலப்பது கற்பனை என்று நினைத்தால், நம் சிங்கப்பூர்க் கரையோரம் போய்த் தண்ணீர் துப்பும் மீன்வால் சிங்கமான மெர்லயனைப் பாருங்கள். இளவரசன் சங் நீல உத்தமா இங்கே சிங்கம் கண்டது மலாய்ப் பழங்கதை. மீன் வால் யார் ஒட்டியது? 1964இல் சுற்றுலா வாரியத்துக்குச் சின்னம் வரைந்தவர் ஃபிரேசர் பிரன்னர், மீன் காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டவர்! எட்டு வருடத்தில் அதுவே 8.6 மீட்டர் சிலையாக நின்றது. இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதைத்தான் கதையாகச் சொல்கிறேன். அலுவலகம் பெற்ற புராண மிருகம்.

கிளமெண்டி வாசகன்:
அக்கா, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். ஊரே அப்படி இருக்கும்போது பகடிக்கு என்ன வேலை?

தேக்கா அக்கா:
யார் பக்கமும் இல்லை. மெர்லயனைப் பார்த்து நாம் யாரும் சிரிப்பதில்லையே! படமெடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். சிரிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும்.

ஈசூன் கணக்கர்:
அதைத்தான் நானும் சொன்னேன். கொஞ்சம் நீட்டிச் சொல்லிவிட்டேன்.

கிளமெண்டி வாசகன்:
மெர்லயன் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நூறு பக்கத்துக்கு மேல் போனது அதிகம் என்பதை மட்டும் விடமாட்டேன். வெள்ளிக்கிழமை நூலைத் திருப்பிக் கொடுக்கிறேன், வேண்டுமென்றால் கணக்கர் போய் எடுத்துக்கொள்ளட்டும். ஒன்பது மணிக்குள்.