காலிக் கோட்டைக்கு ரெண்டு நாள்: உள்ளுக்குத் தங்கிறதா, உனவட்டுனவிலயா?

வெள்ளவத்தை மீரா கேட்டது:

வணக்கம். பெப்ரவரியில ஒரு சனி, ஞாயிறு காலிக்குப் போக யோசிக்கிறம். நானும் இவரும், பதினொரு வயசு மகன், ஆறு வயசு மகள், பிறகு மாமி. மாமிக்கு முழங்கால் வருத்தம், படி ஏறக் கஷ்டப்படுவா. ஆனா பயணம் எண்டு காதில விழுந்த உடன பையை அடுக்கி வச்சது அவதான். மகன் கிரிக்கெட் பைத்தியம்.

இவர் போட்ட திட்டம் இது: சனி காலமை கோட்டை, பின்னேரம் உனவட்டுனவில குளிப்பு, ராத்திரி அங்கயே ரூம். ஞாயிறு விடிய மிரிஸ்ஸவில திமிங்கிலம், திரும்பேக்க கொக்கலவில கம்பில இருந்து மீன் பிடிக்கிறவையப் பாக்கிறது. கேக்கவே எனக்குக் களைக்குது. எனக்குக் கோட்டைக்குள்ள தங்கத்தான் ஆசை, ஆனா உள்ளுக்கு எல்லாம் வெளிநாட்டுக்காரருக்கு எண்டு விலை வச்சிருக்காம். போய் வந்தவை சொல்லுங்கோ. ரெயினா, பஸ்ஸா?

ஹைவே_ரமணன்:

பஸ். மாகும்புரவில போய் ஹைவே பஸ் ஏறினா ஒரு மணித்தியாலம், கொஞ்சம் கூட. ஏசி, எல்லாருக்கும் இருக்கை. காலி பஸ் ஸ்டாண்டில இறங்கினா எதிரில மைதானம், அங்கால கோட்டை மதில். லீவு நாளில ரெயினில மாமியை நிக்க வச்சுக் கொண்டு போகாதேங்கோ.

பழைய பாங்க்காரன்:

தங்கச்சி, வேலையில இருக்கேக்க காலிக்கு மாத்தம் கிடைச்சு, கோட்டைக்குள்ள ஒரு அறையில வாடைக்கு இருந்த ஆள் நான். அதால நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

உங்கட அவரின்ர திட்டத்தில ஞாயிற்றுக்கிழமையை முழுசா வெட்டுங்கோ. திமிங்கிலப் படகு விடியக் காலமை வெளிக்கிட்டா மணித்தியாலக் கணக்கில நடுக்கடலிலதான். சின்னப் பிள்ளையையும் மாமியையும் காசு கட்டிச் சத்தி எடுக்க வைக்கவோ? கொக்கலவில கம்பில இருக்கிறவையில கனபேர் இப்ப மீனுக்கு இல்லை, படத்துக்கு. கமராவைத் தூக்கினா காசு கேப்பினம். அது அவையின்ர பிழைப்பு, குறை சொல்லேல்லை. அதுக்காக ஒரு நாளைக் குடுக்க வேணுமோ எண்டுதான் கேக்கிறன்.

தங்கிறது கோட்டைக்குள்ளதான். காலமை எட்டு மணிக்கு முந்தியும், வெயில் சாஞ்ச பிறகும்தான் அது ஊர் மாதிரி இருக்கும்: பள்ளிக்கூடப் பிள்ளையள், கோட்டுக்குப் போற சட்டத்தரணியள், மதிலில நடக்கிற வயசானவை. பத்து மணிக்குப் பிறகு கொழும்பு வான்கள் வந்து இறங்கும். மதிலுக்கு மேல நிழல் எண்டு ஒண்டும் கிடையாது, கல்லு வெக்கையைத் திருப்பி அடிக்கும். உனவட்டுனவில ரூம் போட்டா உங்களுக்கு அந்த வெக்கைதான் மிஞ்சும். விலைக்குப் பயப்பிடாதேங்கோ, பெயர்பெற்ற ஹோட்டல்களை விடுங்கோ. பெட்லர் வீதி, லெயின் பான் வீதிப் பக்கம் வீட்டுக்காரரே அறை விடுவினம். போன் எடுத்து நேரில கதையுங்கோ, கீழ்த்தட்டு அறை எண்டு அழுத்திச் சொல்லுங்கோ. அந்தப் பழைய வீடுகளின்ர மரப்படி ஏணிக்குக் கொஞ்சம்தான் மேல், மாமிக்குச் சரிவராது.

கனபேர் விடுற ஒண்டு: பழைய வாசல். வாகனங்கள் போற பெரிய வாசல் 1873 இல பிரித்தானியர் மதிலை உடைச்சு வச்சது. சனம் அதால உள்ளிட்டு அதாலயே போயிடும். நீங்கள் துறைமுகப் பக்கம் இருக்கிற பழைய வாசலால போங்கோ. வெளியில பிரித்தானிய அரச சின்னம். உள்ளுக்குப் போய்த் திரும்பிப் பாத்தா ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின்ர சின்னம்: ரெண்டு சிங்கம், மேல ஒரு சேவல், ஆண்டு 1669. போர்த்துக்கேயர் 1588 இல சின்னதாக் கட்டின கோட்டையை ஒல்லாந்தர் 1640 இல பிடிச்சு, பிறகுதான் கடல் பக்கமும் சேத்து இந்தப் பெரிய மதிலைக் கட்டினவை.

மதிலுக்குக் கிட்டப் போய்க் கல்லையும் பாருங்கோ. கருங்கல்லுக்கு இடையில முருகைக்கல் வச்சு அடைச்சிருக்கு. சில கல்லில நெளிநெளியா வரி ஓடும், ஒரு காலத்தில கடலுக்க உயிரோட இருந்தது. மகளின்ர விரலைப் பிடிச்சு அதில ஓட விடுங்கோ, விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனா மேல ஏறினா அந்தக் கையை விடாதேங்கோ. கனக்க இடத்தில விளிம்பில கம்பி இல்லை, கீழ பாறை. ஃபிளாக் ரொக்கில பெடியள் காசுக்குக் கடலுக்க குதிப்பாங்கள், மகன் ஆசைப்பட்டா அதட்டி வையுங்கோ.

மகனுக்கெண்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குப் போங்கோ. முழு மைதானமும் கீழ தெரியும். 2010 ஜூலை 22, முரளி தன்ர டெஸ்ட் வாழ்க்கையின்ர கடைசிப் பந்தில ஓஜாவை மஹேலவிட்டப் பிடி குடுக்க வச்சு 800 ஆவது விக்கெட் எடுத்த இடம். மச் நாளில இந்த மதில்தான் ஓசிக் கலரி. 2004 சுனாமி அந்த மைதானத்தைச் சிதைச்சுப் போட்டுது, 2007 டிசம்பரிலதான் அங்க திரும்ப டெஸ்ட் நடந்தது. மதிலுக்கு உள்ளுக்கு இருந்த வீடுகள் பெருமளவு தப்பினது.

கோட்டை நானா:

எங்கட ஊருக்கு வாரீங்க, சந்தோஷம். நான் கோட்டைக்குள்ளேயே பொறந்து வளந்த ஆள். பாங்க் ஐயா சொன்னது சரி, நான் மத்தியானத்துக்கு மட்டும் செல்றேன்.

பதினொரு மணி தொடக்கம் மூணு மணி வரைக்கும் வெயில்ல அலைய வாணாம். 1755 இல முடிச்ச ஒல்லாந்தர் சேர்ச் ஈக்கி, உள்ளுக்கு நல்ல குளிர்ச்சி, தரையெல்லாம் பழைய கல்லறைக் கல். உங்கட மாமி அங்க ஆறுதலா உக்காரலாம். பழைய பண்டகசாலைல கடல் நூதனசாலை ஈக்கி, ஆனா எல்லா நாளும் தொறக்கிறல்ல, போக முந்தி கேட்டுக்கோங்க. வெளிச்சவீட்டுக்கு முன்னால வெள்ளையா நிக்கிறது எங்கட மீரான் பள்ளிவாசல். 1904 இல கட்டினது, தூரத்தில பாத்தா சேர்ச் எண்டுதான் எல்லாரும் நெனப்பாங்க. தொழுக நேரம் இல்லாம, தலைய மூடிட்டு, கேட்டுட்டு வாங்க. வெளிச்சவீட்டுக்கு மேல ஏற விடமாட்டாங்க, புள்ளைகளுக்கு முந்தியே செல்லி வைங்க.

மாமிய ஆட்டோல வெளிச்சவீட்டடிக்குக் கூட்டி வாங்க. அங்கால ரோட்டும் மதிலும் கிட்ட கிட்ட, நாலு எட்டு வச்சாக் கடல். ஆறு மணிக்கு முந்தி ஒரு இடம் புடிங்க, பெறகு நிக்க எடமில்ல.

கல்லுப்பித்தன்:

கொழும்பில இருக்கிறீங்கள்தானே? போக முதல் ஒரு பின்னேரம் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய்க் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கோ. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல், 1409 ஆம் ஆண்டு திகதி. சீனத்தில புத்தருக்கு, தமிழில தெவிநுவரக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில அல்லாஹ்வுக்கு எண்டு காணிக்கைப் பட்டியல். 1911 இல காலியில ஒரு மதகுக்கு மூடுகல்லாக் கிடந்து கண்டெடுத்தவை. காலித் துறைமுகத்தில தமிழ் எழுதி வைக்க வேண்டியிருந்தது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போனா, அந்த மதில் வேற மாதிரித் தெரியும்.

வெள்ளவத்தை மீரா:

எல்லாருக்கும் நன்றி. இவருக்கு வாசிச்சுக் காட்டினன். திமிங்கிலத்தை விட்டுட்டார், கொக்கலவையும் விட்டுட்டார், குளிப்பை மட்டும் விடமாட்டாராம். ரெயினோ பஸ்ஸோ எண்டது இன்னும் முடியேல்லை. பிள்ளையள் ரெயின் எண்டு நிக்குதுகள்.

பழைய பாங்க்காரன்:

குளிப்பை ஏன் விட? வெளிச்சவீட்டுக்குக் கீழ ஒரு குட்டிக் கடற்கரை கிடக்கு, ஊர்ச்சனம் பின்னேரம் குளிக்கிற இடம். அது காணாது எண்டா ஞாயிறு காலமைச் சாப்பாடு முடிய ஓட்டோவில உனவட்டுன போய், மத்தியானத்துக்கு முந்தித் திரும்பட்டும். பெப்ரவரியில அந்தப் பக்கக் கடல் அடங்கித்தான் இருக்கும். மே மாதம் எண்டா வேற கதை சொல்லியிருப்பன். நீங்களும் மாமியும் அறையிலயே இருங்கோ, கூடப் போய் இழுபடாதேங்கோ.

ரமணன் தம்பி சொன்னது மாமிக்கு நியாயம்தான். ஆனா கடல் பக்கமா ஓடி வாற அந்தப் பாதையைப் பிள்ளையள் பாக்காமல் ஹைவேயில ரப்பர் தோட்டம் பாத்துக்கொண்டு போறதோ? போகேக்க ரெயின், வரேக்க பஸ். வெள்ளவத்தையில நிண்டு ஏறலாம் எண்டு நினைக்காதேங்கோ, கடுகதி ரெயின் கனக்க அதில நிக்காது. கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்கு நேரத்துக்குப் போய், வலக்கைப் பக்கம் ஜன்னலைப் பிடியுங்கோ, கடல் அந்தப் பக்கம். போயா தினத்தோட (பௌர்ணமி லீவு) ஒட்டி வாற சனி ஞாயிறா எண்டு முதல்ல கலண்டரைப் பாருங்கோ. அப்பிடி எண்டா ரெயின் கதையை விட்டுட்டு ரெண்டு பக்கமும் பஸ்தான், இல்லாட்டி அடுத்த கிழமைக்குத் தள்ளுங்கோ.